அம்புஜத்தின் விலாசம்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் எல்லா ஜட்காக்காரர்களும் குதிரையை ஓடப் பழக்கினார்கள். ஓடாமல் இருக்கப் பழக்கியவர் ஒருவர்தான். ஊர் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்திருந்தது. சொந்தப் பெயர் அவருடைய குதிரைக்குக்கூடத் தெரிந்திருக்காது.

திருக்கோகர்ணத்திலிருந்து நான்கு பெண் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவது அவர் வேலை. நான்கில் நான் ஒருத்தி. ஆரம்பத்தில் அவரும் மற்றவர்களைப் போல விரட்டித்தான் ஓட்டினார். ஒரு புத்தகம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

ரயிலில் வந்திறங்கிய யாரோ ஒரு அம்மாள் அதை வண்டியில் மறந்துவிட்டுப் போயிருந்தார். நிதானத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினொரு வயதுக்காரியான என்னிடம் நீட்டினார்.

“யாரு பொஸ்தகம்னு பாரு ஆத்தா. கொண்டுபோயிக் குடுத்துட்டு வாரேன்.”

அட்டையில் ‘அம்புஜம் - முதல் பாகம்’ என்று இருந்தது. சொந்தக்காரர் பெயர் இல்லை.

“உள்ள எங்கிட்டாச்சும் வெலாசம் இருக்கும், படி.”

முதல் பக்கத்தில், ஒன்பது வயது அம்புஜம் தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களைக் கொய்யா மரத்தின் உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விலாசம் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. போகவர, நான் உரக்கப் படிக்க, பதினாறு நாள் தேடினோம். புத்தகம் முடிந்தபோது விலாசம் கிடைத்திருக்கவில்லை. குதிரை மட்டும் நடைக்குப் பழகியிருந்தது.

கடைசிப் பக்கத்தில் இரண்டாம் பாகம் உண்டு என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து ரயிலடியில் யார் வந்து இறங்கினாலும் நிதானம் “எங்க போகணும்?” என்று கேட்பதில்லை. “அம்புஜம் ரெண்டாம் பாகம் வச்சிருக்கீங்களா?” என்றுதான் கேட்டார். முக்கால்வாசிப் பேர் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். நான்கு மாதம் கழித்துத் திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நர்சம்மா மட்டும், “மூணாம் பாகமும் இருக்கு” என்றார். அவருடைய பெட்டி படுக்கையை நிதானம் தலையில் சுமந்துபோய் வீட்டுக்குள்ளேயே இறக்கிவைத்தார்.

இரண்டாம் பாகத்தில் அம்புஜத்துக்கு விஷக் காய்ச்சல். அந்த இடத்தில் வண்டி நின்றது. கோயில் வாசலுக்குத் திரும்பியது. அவள் பெயருக்கு அர்ச்சனை என்றதும் குருக்கள் நட்சத்திரம் கேட்டார். நிதானம் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

“தெரியலைங்க சாமி. இருபத்தேழையும் சொல்லிருங்க.”

குருக்கள் சொன்னார். நாங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது கணக்குப் பாடம் முடிந்திருந்தது.

மூன்றாம் பாகம் பாதியில் இருந்தபோது நான் பெரியவளானேன். என் அப்பா சமஸ்தான ஆபீசில் குமாஸ்தா, அதிகம் பேசாதவர். படிப்பு போதும் என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். நான் உள்ளறையில் அழுதுகொண்டிருந்தேன். ஜட்கா வாசலை விட்டு நகரவில்லை. அப்பா வெளியே போனார்.

“இனிமே அவ வரமாட்டாப்பா.”

“அம்புஜமும் இப்பிடித்தாங்க ஆச்சு. ஆனா அவுக அப்பா பள்ளிக்கூடத்தை நிப்பாட்டலை.”

“எந்த அம்புஜம்?”

“மாயவரத்துப் புள்ளைங்க. தாசில்தார் மக.”

தாசில்தார் என்றதும் அப்பாவின் குரல் இறங்கியது. “அவரே அனுப்புறாரா?”

“மொதல்ல அவரும் மாட்டேன்னுதாங்க சொன்னாரு. புள்ள ரெண்டு நாளு சாப்புடலை. தகப்பன் மனசு, தாங்கலைங்க. இப்ப நாலாவது பாரம் படிக்குது.”

கதவுக்குப் பின்னால் நான் தாவணியை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் ஜட்காவின் பின்புறத்துக்கு ஒரு திரை வந்தது. திரைக்குள் நான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன்.

ஆறு மாதம் போலத் தாக்குப்பிடித்தது. ஒருநாள் என் பெட்டியில் மூன்றாம் பாகம் அப்பா கண்ணில் பட்டுவிட்டது. நின்றபடியே கொஞ்சம் படித்தார். நிதானத்தைக் கூப்பிட்டார்.

“அப்ப அந்தப் புள்ளை பொய்யா?”

நிதானம் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். “பொஸ்தகத்துல இருக்குங்க. எப்பிடிங்க பொய்யாகும்?”

என் படிப்புக்கு இன்றோடு முடிவு என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்பா புத்தகத்தைப் புரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “முதல் பாகம் எங்கே?” என்றார்.

நான் பள்ளி இறுதி வகுப்புவரை படித்தேன். பிறகு கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனேன். யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் நான்காம் பாகம் வெகுநாள் வரவே இல்லை. வந்ததும் ஒன்று வாங்கி அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். அதன் பிறகு சாயங்காலங்களில் ஜட்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்குமாம். அப்பா ஏறி உட்கார்ந்து படிப்பாராம். வண்டி எங்கும் போகாதாம். அம்மா எழுதியிருந்தாள்.

அந்த நான்காம் பாகத்தில்தான் அம்புஜம் கல்யாணமாகி, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊருக்குப் போகிறாள்.

அந்த மாதம் அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. எப்போதும் போல நாலே வரி. “நிதானம் ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்புஜம் அங்கே சௌக்கியமா, புருஷன் நல்லவனா என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னார். புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, உன்னை எதற்குக் கேட்க வேண்டும் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. உடனே பதில் போடு.”

சௌக்கியமாக இருக்கிறாள், நல்லவர்தான் என்று அன்றைய தபாலிலேயே எழுதிப் போட்டேன்.