உடைந்த மடையும் உடன்பிறந்த ஊரும்

கொற்கையைத் தாண்டிக் கிழக்கே போனால், ஆறு கடலில் விழுவதற்குச் சற்று முன்னால் எங்கள் சேந்தன்துறை பேரூராட்சி இருக்கிறது. பாதி வயல், பாதி கடல், மீதி அரசு விளம்பரப் பலகை. சகல வளமும் பொருந்திய இந்த ஊருக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. வெளிநாட்டில் உடன்பிறந்த ஊர், அதாவது 'சிஸ்டர் சிட்டி', இல்லை.

பக்கத்துப் பேரூராட்சிக்கு ஜப்பானில் ஒன்று கிடைத்துவிட்டதாம். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் செயல் அலுவலர் அருமைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. தேடித் தேடி, பிலிப்பைன்ஸில் சாந்தா ரொசாலினா என்ற ஊரைப் பிடித்தார். அதுவும் கடலோரம்தான், அங்கேயும் நெல்தான். ஊரே மகிழ்ந்தது. நெல்லுக்காக இல்லை. பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படிக்கலாம். உடன்பிறந்த ஊர்க்காரப் பிள்ளைக்கு ஒரு சீட்டுத் தரமாட்டார்களா என்ற நப்பாசை. அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கும் பிளஸ் டூ படிக்கிற மகள் உண்டு. நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் மேலிடத்தில் ஒரு விதி இருந்தது. இரண்டு ஊர்களின் விவரக் குறிப்பும் எண்பது விழுக்காடு ஒத்துப்போக வேண்டும். சாந்தா ரொசாலினாவின் குறிப்பை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு அருமைநாயகம் எழுத உட்கார்ந்தார். நெல், தென்னை, மீன், மாதா திருவிழா எல்லாம் சுலபமாக முடிந்தன. எருமை என்ற இடத்துக்கு ஊர்க்காரர் பூதத்தானின் எருமையைக் குளிப்பாட்டிப் படம் எடுத்தார்கள். எரிமலை என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினார். பிறகு பேரூராட்சியின் குப்பைமேடு ஞாபகம் வந்து, "உண்டு. சிறியது. ஆண்டு முழுவதும் புகையும்" என்று எழுதினார்.

கூட்டிப் பார்த்தால் எழுபத்தொன்பது. ஒன்று குறைந்தது. சோர்ந்துபோய்க் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அங்கே இருந்தது: "ஊரின் பெருங்குறை: உடைந்த மடை வழியாகக் கடல்நீர் வயலில் புகுதல்." அருமைநாயகம் எழுந்து நின்று, கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார்.

எங்கள் மடையும் உடைந்துதான் கிடந்தது. இரும்புப் பலகை துருப்பிடித்து விழுந்துவிட்டது. கடல் ஏறும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் வாய்க்காலில் ஏறியது. மடைக்கு அடுத்த வயல் சுடலைவடிவுடையது. மழைக்காலப் பிசான சாகுபடிக்கு நாற்றுப் பாவியிருந்தாள். நாற்று போனால் அந்த வருஷம் அவள் வீட்டில் உலை வைப்பதே கஷ்டம். அவள் கொடுத்த மனுக்கள் எல்லாம் அலுவலகத்தில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. இப்போது அவற்றைத் தூசி தட்டி எடுத்து, அவளுக்கு ஆள் அனுப்பி, உட்கார நாற்காலியும் போட்டார்கள்.

"உன் மனு அரசின் மேலான கவனத்தைப் பெற்றிருக்கிறதம்மா" என்றார் அருமைநாயகம்.

"அப்போ எப்ப சார் சரிசெய்யுதீய?"

"சரிசெய்வதா? அது உடைந்திருப்பதால்தானே நாம் எண்பது."

"எம்பதோ தொண்ணூறோ, அங்கன நாத்து கருகுதுலா சார்."

ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பொறுக்கச் சொன்னார். அவள் நாற்று இப்போது இருநாட்டுச் சொத்து என்றும் விளக்கினார். அப்படியானால் நானே மணல் மூட்டை போட்டு அடைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். மறுநாள் மடையில் அறிவிப்புப் பலகை நட்டிருந்தது: "இவ்வுடைப்பு இருநாட்டு நல்லுறவின் அடையாளம். தொடாதீர்." கூடவே ஒரு காவலாளி. உடைந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள், உடைந்ததைக் காக்க ஆள் போட்டார்கள்.

ஐப்பசியில் சாந்தா ரொசாலினாவின் மேயரம்மா வந்தார். நாதஸ்வரம், சால்வை, அல்வா. பிலிப்பைன்ஸில் மூன்றாம் வருஷம் டாக்டருக்குப் படித்துக்கொண்டு, விடுமுறைக்கு வந்திருந்த எங்கள் ஊர் ஸ்டெபி மொழிபெயர்த்தாள். விருந்துச் சோறு பிரமாதம் என்றார் மேயரம்மா. அரிசி ஆந்திராவிலிருந்து வந்தது என்பதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

மடைக்குப் போனதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினார். ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. பிறகு ஏதோ சொன்னார். ஸ்டெபி அதைத் தமிழில் சொல்லக் கொஞ்சம் யோசித்தாள். "அவுங்க ஊர்லயும் இப்படித்தான் இருந்துச்சாம் சார். அந்தக் குறிப்பு பழசாம். போன நடவுக்கு முன்னாலயே மடையச் சரிசெஞ்சிட்டாங்களாம்."

நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். எழுபத்தொன்பது.

மேயரம்மா ஊர் திரும்பியதும் அவசரக் கூட்டம் கூடியது. ஊரே கவலையோடு உட்கார்ந்திருக்க, சுடலைவடிவு எழுந்தாள்.

"நம்ம மடையையும் சரிசெஞ்சிட்டா ரெண்டு ஊரும் ஒண்ணுபோல ஆயிரும்லா சார்?"

ஒரு நிமிஷம் எங்களுக்கே அது சரியென்று பட்டது. அருமைநாயகம் பொறுமையாக விளக்கினார். நம் குறிப்பு மேலிடத்தில் ஒப்புதல் பெற்றுவிட்டது. அதில் ஒரு வரியை மாற்றினால் எருமையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எரிமலையை நேரில் பார்க்க ஆள் வந்தாலும் வரும். ஆகவே அவர்கள் தங்கள் மடையை உடைத்துக்கொள்வதே எல்லாருக்கும் சுலபம். அப்படிக் கேட்டு ஒரு கடிதம் எழுதுவோம், பெற்றோர்கள் கையெழுத்திடுங்கள் என்றார்.

நாங்கள் வரிசையில் நின்று போட்டோம். என் வீட்டில் மூன்று பேர். பேனா சுடலைவடிவிடம் வந்தது. அதை அவள் வாங்கவில்லை. மேசையைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தாள்.

"அங்கனயும் நாத்துப் பாவிட்டு ஒரு பொம்பள இருப்பால்லா. மொதல்ல அவகிட்ட ஒரு கையெழுத்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

நான் மேசைக்குப் போய்ப் போட்டதை ஒருமுறை பார்த்தேன். ஆனாலும் கையெழுத்தை வாபஸ் வாங்கவில்லை. அருமைநாயகம், "விவசாயிகள் தரப்பில் ஆட்சேபணை இல்லை" என்று குறித்துக்கொண்டார். அவள் சொன்னதையும் மரியாதைக்குக் கடிதத்தில் சேர்க்கச் சொன்னார். ஸ்டெபி பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கள் விவசாயிகள் தங்கள் அன்பைத் தெரிவித்துக்கொள்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதினாள். நான்தான் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

சுடலைவடிவின் நாற்று காய்ந்து, மாடுகூட வாய் வைக்காமல் போனபிறகு பதில் வந்தது. எங்கள் வேண்டுகோளை அவர்களுடைய மன்றம் பரிவுடன் ஏற்றதாம். அங்கேயும் இந்த உறவால் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பும் பெற்றோர் நிறையப் பேர் கையெழுத்திட்டிருந்தார்களாம். மடைப் பலகையைக் கழற்றிவிட்டார்களாம். கடைசியில் ஒரு வரி: "எங்கள் விவசாயிகளும் தங்கள் அன்பைத் தெரிவித்துக்கொள்கிறார்கள்."

அருமைநாயகம் அதை உரக்க வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து அதையும் ஓர் ஒற்றுமையாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். எண்பத்தொன்று. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.