மூடாத டிவிடியில் மேனகாவின் வளைகாப்பு

பெருமாள்மலை,
24.11.2006

அன்புள்ள மாப்பிள்ளை யோகேஷ் அவர்களுக்கு, மாமா சிவராமன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. மழைக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவே நானும் தங்கள் அத்தை குஞ்சம்மாளும் நலம். தாங்களும் மேனகாவும் சென்னையில் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனதால் மகளின் வளைகாப்புக்கு நாங்கள் வர முடியாமல் போனது தாங்கள் அறிந்ததே. அன்றிலிருந்து போனும் செத்துக் கெடப்பதால் இக்கடிதம். தாங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வளைகாப்பைப் பதிந்து அனுப்பிய டிவிடி செவ்வாயன்று வந்தது. உறையில் அனுப்பியவர் பெயர் இல்லை. வேறு யார் எங்களுக்கு டிவிடி அனுப்பப் போகிறார்கள். அத்தை வெள்ளனே குளித்து, பட்டுச்சேலை கட்டி டிவி முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் பிளேயர் அதை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் முனகி, 'நோ டிஸ்க்' என்று காட்டித் துப்பிவிட்டது. வேட்டியால் துடைத்தேன். பல்பொடி போட்டுத் துடைத்தேன். அத்தை திருநீறு பூசினாள். அதுக்கப்புறம் பிளேயர் வாயையே தொறக்க மாட்டேன்னுருச்சு. எதிர்வீட்டுப் பரமேஸ்வரி பிளேயர்ல போட்டா சத்தம் மட்டும் வருது, படம் கறுப்பு. வளையல் குலுங்குது, பொம்பளைங்க சிரிக்கிறாங்க, நடுவுல மேனகா "அம்மா இன்னும் வரலையா"ன்னு கேக்குறா. அத்தை அந்தக் கறுப்பு டிவியைப் பாத்து "வந்துக்கிட்டே இருக்கேன்டி"ன்னு பதில் சொல்லிட்டா மாப்ளை. உடனே உள்ளேயிருந்து "வெரசா வாங்கம்மா"ன்னு கேட்டுச்சு. பரமேஸ்வரி ஸ்விட்சை அணைச்சுட்டு, சோலி கெடக்குன்னு எங்களை அனுப்பிட்டாங்க.

ரிப்பேர் கடை குமாரவேல் அதை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தான். "பதிஞ்சு முடிச்சதும் ஃபைனலைஸ்னு ஒண்ணு பண்ணி மூடணும் ஐயா. உங்க மாப்ளை மூடாம விட்டுட்டாரு. அதான் எல்லாப் பிளேயர்லயும் ஓட மாட்டேங்குது. இதுல இன்னும் எழுத எடம் கெடக்கு"ன்னு சொல்லி, எதைப் போட்டாலும் ஓடும்னு ஒரு பிளேயரைக் குடுத்துவிட்டான். நேத்து மத்தியானம் அதுல ஓடுச்சு. மேனகா மணையில உக்காந்திருக்கா. முன்வரிசையில ரெண்டு நாற்காலி காலியா கெடக்கு. எங்களுக்குப் போட்டதுன்னு பாத்ததுமே தெரிஞ்சது. அத்தை அழுதுட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னா. போட்டேன். இந்தத் தடவை நாற்காலி காலியா இல்ல மாப்ளை. நான் உக்காந்திருக்கேன், இப்ப மேல கெடக்குற இதே பச்சை ஸ்வெட்டரோட, அந்த மெட்ராஸ் வெக்கையில. அத்தை எந்திரிச்சுப் போயி மக கையில வளையல் போடுறா. மேனகா நிமிந்து பாத்து சிரிக்கிறா. நான் திரும்பிப் பாத்தேன். என் பக்கத்துல அத்தை அசையாம உக்காந்திருந்தா. கையெல்லாம் சந்தனம்.

இது கம்ப்யூட்டரில் ஒட்டிச் சேர்த்த வேலையென்றால் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். தயவுசெய்து வேறொன்று பதிந்து, முறையாக மூடி அனுப்பவும். மேனகாவை மாடிப்படி ஏற விட வேண்டாம். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்க முருகன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
மாமா பெ. சிவராமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் தங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தார். டிவிடி தங்கள் வீட்டுப் பிளேயரிலேயே ஓடாததால் இன்னும் அனுப்பவில்லை என்றும், அவ்வளவு தூரம் வந்த நாங்கள் வளையல் போட்ட கையோடு சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிட்டது தங்களுக்கு வருத்தம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். வேறு டிவிடி வேண்டாம். சாப்பாட்டுக்கு மன்னிக்கவும் மாப்ளை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம், அத்தை சொல்கிறாள்.