வேலிப் பொட்டும் ஒரு சிஸ்டம் ஃபைலும்

இஞ்சின் அண்ணை, நீங்கள் ஒரு பொய்யர். பத்திரிகையில் எழுதிவிட்டான் என்று கோபிக்க வேண்டாம். நேரில் சொன்னபோது சிரித்துவிட்டுப் போனவர் நீங்கள்தான்.

வாசகர்களுக்குச் சொல்கிறேன். ஊர்காவற்றுறையில் இவரைப்போல ஒரு பிடிவாதக்காரர் இன்னும் பிறக்கவில்லை. வள்ளங்களுக்கு இஞ்சின் திருத்துவது தொழில். கம்பியூட்டரையும் அதே எண்ணெய்க் கையால் திருத்துவார். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே மறந்திருக்கும். பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மூச்சு இருக்கு" என்பார்.

என்னுடையது கிழட்டுக் கம்பியூட்டர். சுவிஸில் இருக்கும் தம்பி, பாவித்து முடித்த இரண்டை ஒன்றாக அனுப்பினான். ஒன்று எனக்கு, மற்றது அக்காவுக்கு. இரண்டும் ஒரே அச்சு, திறந்தால் ஜெர்மன் மொழி. அக்கா பக்கத்து வளவு. ஏழு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. வேலியை அவள் என் பக்கம் அரை முழம் தள்ளிப் போட்டாள். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். தள்ளித்தான் போட்டாள்.

அதற்கான படங்கள், கடிதங்கள் எல்லாம் என் கம்பியூட்டருக்குள். திங்கட்கிழமை இணக்க சபையில் விசாரணை. புதன்கிழமை அது கறுப்புத் திரையில் இரண்டு வரி ஜெர்மன் எழுதிவிட்டுப் படுத்துவிட்டது.

மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சிஸ்டம் ஃபைல் பழுது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றான். உள்ளே இருப்பவை என்னாகும் என்று கேட்டேன். போகும் என்றான். தலையிடி என்று போனால் தலையை எடுக்கிற வைத்தியம்.

இதைக் கேட்டு இஞ்சின் அண்ணைக்கு என்னைவிடக் கோபம் வந்தது.

"ஒரு நட்டு கறள் பிடிச்சதெண்டு வள்ளத்தைக் கொளுத்துறதோ? அதே இனத்துக் கம்பியூட்டரில இருந்து நல்ல ஃபைலை எடுத்துப் போட்டால் சரி."

"அது எங்க இருக்கு?"

"கொக்கா வீட்டில, வேலிக்கு அங்கால."

"வேற இடமில்லையோ?"

"இந்தத் தீவு முழுக்க இல்லை."

என் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தார். ஒழுங்கையால் சுற்றிப் போனால் உப்புக் காற்று பட்டுவிடுமாம். கத்தியை எடுத்து வேலிக் கிடுகை அறுத்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டையாக, பொட்டு ஒன்று வைத்தார்.

"அண்ணை, அது வழக்கில இருக்கிற வேலி."

"வழக்கு வேலிக்குத்தானே. பொட்டுக்கு இல்லையே."

பொட்டுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. ஏழு வருடத்தில் முதல் தடவை.

"எடுத்துக்கொண்டு போங்கோ. அவன் தோக்கிறதெண்டாலும் கையில கடதாசியோட தோக்கட்டும்."

முதலில் எடுத்த ஃபைல் பொருந்தவில்லை. பிறகு எடுத்ததும் இல்லை. நாலு தடவை போய் வந்தார். மூன்றாம் தடவை வாயில் வடையோடு வந்தார். நாலாம் தடவை எனக்கும் இரண்டு வந்தது. அதன் பிறகு கம்பியூட்டர் எழும்பி ஜெர்மனில் வணக்கம் சொன்னது. ஒரு படமும் போகவில்லை.

திங்கட்கிழமை கடதாசிக் கட்டோடு போனேன். அக்கா எதிர் வாங்கில் இருந்தாள். எதிராளியின் ஃபைலில் ஓடிய கம்பியூட்டரில் எடுத்த ஆதாரம் என்று எந்த வாயால் சொல்வது? வேறு நாள் தரச் சொல்லித் தவணை கேட்டேன். அவளும் கேட்டாள். இன்றுவரை தவணைதான். போன மாதம் அவளுடைய கம்பியூட்டர் படுத்தது. ஃபைல் என்னுடையதிலிருந்து போனது.

கதை அதோடு முடிந்திருக்கும். போன கிழமை இதே தீவில், மண்கும்பானில் ஒரு வீட்டுக்குப் போனேன். மேசையில் அதே அச்சுக் கம்பியூட்டர், அதே ஜெர்மன். யார் திருத்தியது என்று கேட்டேன். நீங்களாம் அண்ணை. என்னுடையது பழுதாவதற்கு ஒரு வருடம் முன்பாம்.

ஆகவே கேட்கிறேன். தீவு முழுக்க வேறு இல்லை என்று சொன்னது பொய்யா இல்லையா? தெரிந்துதானே வேலியை அறுத்தீர்கள்? இதே பத்திரிகையில், எல்லோரும் வாசிக்கப் பதில் எழுதுங்கள். எழுத ஏலாது என்றால் நேரில் வந்து சொல்லுங்கள். அக்காவும் கேட்க வேண்டுமாம். பொட்டை இன்னும் அடைக்கவில்லை.