டாக்டரம்மாவை வெட்டாதே

டி.வி. தொடர் முடிந்ததும் எழுத்தெழுத்தாகப் பெயர் ஓடும்போது நம் குடும்பத்துக்கே பெருமை தேடித் தரும் என் செல்லப் பேத்தி சிட்டுவுக்கு, பாட்டி எழுதிக்கொள்வது. உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. இங்கே ஒருத்தரும் சுகமில்லை. காரணம் நீ.

போனில் சொல்லலாமே என்பாய். சொல்ல விட்டால்தானே? காலையிலிருந்து கூப்பிடுகிறேன், “எடிட்டிங் ரூம்ல இருக்கேன் பாட்டி, அப்புறம்” என்று வைத்துவிடுகிறாய். குற்றம் செய்தவர்கள் போனை எடுக்க மாட்டார்கள் என்று நம் தொடரிலேயே காட்டியிருக்கிறார்கள். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். ஆனால் அந்த அஞ்சு வகுப்பிலும் கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இன்று சாயங்காலத் தொடருக்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும், எப்படி என்று உன் அப்பன் பார்த்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை கதை எங்கே நின்றது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? டாக்டரம்மா நர்ஸை அனுப்பிவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரி மாடிப்படியில் இறங்குகிறாள், விளக்கு ஒவ்வொன்றாக அணைகிறது, அந்தப் பாவி கொழுந்தன் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று காட்டாமலே ‘தொடரும்’ போட்டுவிட்டீர்கள். நம் ஹாலில் எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா கடித்த பிஸ்கட்டை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தாள். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிவிட்டான். “பாட்டிம்மா, பொழைச்சிடுவாங்கல்ல? உங்க பேத்திகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்” என்றான். நான் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “எம் பேத்தி கை வெக்கிற கதைய்யா இது. அவ இருக்கற வரைக்கும் டாக்டரம்மா மேல ஒரு கீறல் விழாது” என்று வாக்குக் கொடுத்தேன். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு அப்புறம்தான் பிஸ்கட் இறங்கியது.

நேற்று நீ பேசினாய். அவர்கள் இரண்டு பேரும் கூட இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பெருமைதான், வேறென்ன. நீ என்ன சொன்னாய்? “டாக்டரம்மாவதான் பாட்டி நேத்து பூரா வெட்டினேன். நாலு இடத்துல வெட்டியும் டைரக்டர் பக்கத்துல நின்னுக்கிட்டு, இன்னும் வெட்டு, இன்னும் வெட்டுங்கறாரு. மணிக்கட்டே போச்சு.” “வெட்டினத எல்லாம் என்னடி பண்ணின?” என்றேன். “குப்பைலதான் போட்டேன், வேறெங்க வெக்கறது?” என்று சிரித்தாய். சிரித்தாய், சிட்டு! எடிட்டர் என்றால் தப்பைத் திருத்துகிறவர் என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். திருத்துகிற லட்சணமா இது?

டைப்பிஸ்ட் அம்மா எழுந்துவிட்டாள். “சின்னதுலயே அது எறும்பத் தேச்சுத் தேச்சுக் கொல்லும், நான் அப்பவே சொன்னேன்” என்றாள். எப்போது சொன்னாள்? போகிற போக்கில், “நாளைக்கு நாங்க எங்க வீட்லயே பாத்துக்கறோம்” என்று ஒரு வெட்டு. அதுவும் வெட்டுதான். இன்று காலை வாட்ச்மேன் எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கொடுத்த வாக்கு போய், ஆள் போய், ஹாலில் நான் தனியாக உட்கார்ந்து அந்தக் கொலையைப் பார்க்க வேண்டுமா?

அவளை யாரென்று நினைத்தாய்? என் கண் ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது, நோயாளி தோளில் கை வைத்து “நான் இருக்கேன்ல” என்று அவள் சொல்வாளே, அதை நினைத்துக்கொண்டுதான் கண்ணைத் திறந்து காட்டினேன். உன் அப்பன் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்துவரும்போது பின்னால் ஒரு வயலின் வருமே, அது கேட்டால் என் முழங்கால் வலியே அடங்கிவிடும். கட்டாயம் ஒருத்தரை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறானே அந்த வக்கீல், அவனை வெட்டு, நான் கேட்கவே மாட்டேன். இப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. குப்பையில் போட்டதை எடுத்துத் தைத்துவிடு. ஆஸ்பத்திரிக் கதைதானே, தைக்க ஆளா இல்லை? டைரக்டர் மிரட்டினால் போனை அவரிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

ஒருத்தர் உயிருக்கும் உலை வைக்காமல் ஆயிரம் தொடர் முடித்து நீ ஓங்கி நிற்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
வாக்குக் கொடுத்துவிட்டு வாயடைத்து உட்கார்ந்திருக்கும் பாட்டி.

பின்குறிப்பு: உறையில் போடச் சொல்லிக் கொடுத்தால் உன் அப்பன் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். “வெட்டறதுன்னா கொல்றதில்லம்மா, நீளத்தக் கொறைக்கறது” என்றான். குறைத்தேன் என்று சொன்னால் உன் வாய் வலிக்குமா? நம்பிக்கை இல்லாமல்தான் டி.வி.யைப் போட்டேன். கொழுந்தன் கையில் இருந்தது சாப்பாட்டு டப்பாவாம். நான் போய்க் கதவைத் தட்டி டைப்பிஸ்ட் அம்மாவை இழுத்துவந்தேன், வாட்ச்மேனும் ஓடிவந்தான், கை தட்டினோம். டாக்டரம்மா டப்பாவை வாங்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து, கடமை, குடும்பம், தியாகம் என்று பேச ஆரம்பித்தவள், பேசினாள், விளம்பரம் வந்து போன பிறகும் பேசினாள். டைப்பிஸ்ட் அம்மா தூங்கிவிட்டாள். வாட்ச்மேன் கேட்டைப் பார்க்கப் போய்விட்டான். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. இன்னும் நாலு இடத்தில் வெட்டியிருக்கலாம், கண்ணு.