கடலுக்குத் தண்ணீர் விட்ட கதை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பரளச்சி கிராமத்து அமுதவள்ளி ஒரு கடலுக்குத் தண்ணீர் விட்ட கதை சொல்கிறேன். சிரித்துக்கொண்டே கேளுங்கள், கடைசியில் என்னைத் திட்டாதீர்கள்.

பார்சலில் வந்த, அட்டையில் ஒட்டிய ஒரு படத்தை அவள் ஆணியில் மாட்டி முடிக்கவில்லை, மாமியார் மூக்கம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏத்தா, இதென்ன, நம்ம கம்மாயா? பங்குனியில இப்படித்தான் வத்திக் கெடக்கும்."

"கடலு அத்தை. ஒங்க மகன் குஜராத்துல இருந்து அனுப்பியிருக்காக."

"கடல்னா தண்ணி எங்க?"

நியாயமான கேள்விதான். சாம்பலும் ரோஜாவுமாய்க் கரைத்துத் தீற்றிய ஈரச் சேறு; வெகு தூரத்தில் கோடு மாதிரி கொஞ்சம் நீலம். அவ்வளவுதான் படம். அவள் புருஷன் மாரிக்கண்ணன் அங்கே ஒரு தீவில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷம். பார்சலில் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

"எம் மகன் மனசு ஒம்மேல வத்திப்போச்சுன்னு சொல்லாமச் சொல்றான்டி."

அந்தச் சொல் அமுதவள்ளியைச் சோறு தின்னவிடவில்லை. மறுநாளே, சுவர் விளம்பரம் எழுதும் இருளப்பசாமியைக் கூட்டிவந்தாள்.

"கொஞ்சம் தண்ணி விடுங்கண்ணே."

ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு அடித்த மிச்ச நீலம் அவரிடம் இருந்தது. கையும் தாராளம். சேறு முழுகிப்போனது.

"இம்புட்டுத் தண்ணியில அவன் எதுல வருவான்?" என்றாள் மூக்கம்மாள்.

படகு வந்தது. ஆளில்லாத படகு ஆகாது என்றாள். ஆளும் வந்தான், அருவா மீசையோடு.

"எம் மகனுக்கு ஏதுய்யா இந்த மீசை? இது அய்யனாருல்ல!"

மீசையை அழிக்கப் போய் அது பொம்பளை முகமாகிவிட்டது.

"அய்யய்யோ, அவ யாருடி?"

அவளை மறைக்க ஓர் அலை. அது போதாமல் இன்னொன்று. கடைசியில் அட்டை முழுக்க நீலம்.

"பாருங்க, நெறஞ்சு மறுகால் பாயுது!" என்றார் இருளப்பசாமி.

அமுதவள்ளிக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

அடுத்த வாரம், மாரிக்கண்ணனோடு வேலை பார்க்கும் காளீஸ்வரன் தன் ஊர் காரியாபட்டிக்கு லீவில் வந்தவன், பஸ் ஏறி இவளைப் பார்க்க வந்தான். சுவரையே பார்த்தான்.

"இதுல சேறு இருந்துச்சேக்கா?"

"வத்திக் கெடந்துச்சு தம்பி. அவுக வாரப்ப பாத்தா நல்லாவா இருக்கும்? நெறச்சுட்டோம்."

காளீஸ்வரன் தலையைச் சொறிந்தான்.

"படம் வரைய வந்த ஒரு அம்மாகிட்ட, அந்தச் சேத்தத்தான் வரையணும்னு அண்ணன் கெஞ்சிக் கேட்டு வாங்குனாரு. தீவுல டவர் கெடையாதுக்கா. அங்க கடலு தெனமும் கொஞ்ச நேரம் உள்வாங்கும்; அப்படி வத்துனாத்தான், அந்தச் சேத்துல நடந்து கரைக்கு வந்து ஒங்களுக்குப் போன் போடுவாரு."

உங்கள் கண்மாயெல்லாம் நிறையட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுக்கு வரவேண்டியவர்களின் பாதை மட்டும் காய்ந்தே கிடக்கட்டும்.