சிக்ஸருக்கு அடித்த ஹோர்ன்

தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரே நம் கையசைப்புக்காகக் காத்திருக்கிறது என்று நினைப்போம். எனக்கு அது முற்றிப்போய், கொழும்பு வேலையை உதறிவிட்டு, ஓப்பநாயக்க பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் கிரிக்கெட் லீக் ஆரம்பித்தேன். தோட்டத்துக்கு ஓர் அணி, எல்லா ஆட்டமும் இணையத்தில் நேரலை. (கம்பெனிக்குத் தலைவியும் நான்தான், டீ ஊற்றுபவளும் நான்தான்.)

முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை. பெல்மதுளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி பார்க்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் சீசன் முழுக்க அவர் காசில் அனுசரணை. பிடிக்காவிட்டால் பழைய ஆபிஸ் வாசலில் போய்ப் பல்லைக் காட்ட வேண்டும்.

சிக்ஸர் அடித்தால் மலை அதிர வேண்டும் என்று, குருவிட்டயில் ஒரு பழைய லொறியின் ஹோர்னை வாங்கிவந்து மாட்டியிருந்தேன். ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே எங்கள் பையன் ஒருவன் பந்தைத் தேயிலைக்குள் தூக்கி அடித்தான். பட்டனை அழுத்தினேன். முதலாளி எழுந்து கைதட்டினார். எனக்குப் புல்லரித்தது.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து லொறி ஹோர்ன் அடித்தால், மலையில் நிற்பவர்கள் கூடையோடு இறங்கிவந்து கொழுந்தை நிறுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். டெலிவிஷன் மூளைக்கு ஞாபகம் வந்தால்தானே!

முதலில் ஒரு கூடை தெரிந்தது. பிறகு மலையே இறங்கியது. அக்காமார், சித்திமார் எல்லாரும் எல்லைக்கோட்டைத் தாண்டி, பிட்ச் நடுவில் வரிசை கட்டினார்கள். வரிசையில் முதல் ஆள் என் அம்மா.

"ஏன்டி, தராசு எங்க?"

"அம்மா, இது மெட்ச்! லைவ்ல போகுது. தள்ளி நில்லுங்க!"

"லொறி அடிச்சிச்சே! பாதிக் கூடையோட ஓடியாந்தோம். இப்ப யாரு நிறுக்கிறது, நீயா?"

"அக்கே, மொகத மே?" என்று சிங்களத்தில் கேட்டான் கமராக்காரன் நுவன். என்ன இது என்று எனக்கே தெரியாதபோது எந்த மொழியில் பதில் சொல்வது?

வர்ணனையாளர் சிரித்துச் சிரித்து மைக்கைக் கீழே போட்டுவிட்டார். "வந்தது வந்தோம், ஒரு ஓவர் பார்த்துட்டுப் போறோம்" என்று அம்மா வந்து அந்த மைக்குக்குப் பக்கத்திலேயே கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் உலகத்துக்கே கேட்டது.

"ஓடத் தெரியாத புள்ளைக்கு என்னாத்துக்கு வெள்ளைக் கால்சட்டை? ஏய் தம்பி, பந்து அங்கிட்டுப் போச்சு, நீ ஏன் இங்கிட்டுக் குனியிற?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முதலாளியைத் திரும்பிப் பார்த்தால், மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரிப்பில்.

"இந்த அம்மா ஒவ்வொரு மெட்ச்சுக்கும் பேசுவாங்கன்னா, சீசன் பூரா நான் இருக்கேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது ஆட்டங்கள் கொழுந்து பறிக்காத ஞாயிற்றுக்கிழமையில்தான். அம்மாதான் எங்கள் வர்ணனையாளர். என்னைவிட அவரைத்தான் எல்லாருக்கும் தெரியும். போன மாதம், பெண்களுக்கு வொலிபோல் லீக் தொடங்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பாவும் தங்கையும் ஒரே குரலில், "தராசு எங்க?" என்றார்கள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இருங்க. இவ ஹோர்ன் அடிச்சா ஊரே வரும்" என்றார்.