ஜன்னல் திறந்திருக்கிறது, அண்ணி

மதிப்பிற்குரிய அண்ணி லியூபிங்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி ஸ்தானா வணங்கி எழுதுவது. இங்கே நான் ஒருத்தி மட்டும் நலம். நோவி சாத் நகரில் உங்கள் முழங்காலும் இரத்த அழுத்தமும் ஆண்டவர் கருணையால் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் தம்பி ரதோமிர் இடது தோள்பட்டை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கு நான்தான் காரணம் என்று நீங்கள் போனில் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளவில்லை என்பதைத் தெரிவிக்கத்தான் எழுதுகிறேன். சமையலறை மேல் ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது, பட்டால் கழுத்து போய்விடும் என்று பழைய போர்வையைக் கிழித்து அடைக்க நாற்காலி மேல் ஏறியவர் அவர். இடுக்கு அடைபட்டது. நாற்காலி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். வீட்டைப் பத்திரமாக்கினால்தான் இங்கே அனுப்புவோம், இல்லையென்றால் லிஃப்ட் உள்ள அக்கா வீட்டுக்குப் போகட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் நல்லெண்ணத்தில்தான் கட்டில் போட்டு வைத்திருப்பீர்கள். ஆனால் வெள்ளிக்கிழமை நம் குடும்பப் புனிதர் நிக்கோலாவின் நாள். அன்று ஏற்றும் மெழுகுவர்த்தியை, வீட்டுத் தலைவன் இல்லாமல், வழக்கப்படி யார் ஒயின் ஊற்றி அணைப்பது? நான் வாயால் ஊதுவதா? அணைக்க ஆளில்லாமல் அது தானாக எரிந்து முடிந்தால் இந்த வீட்டில் ஒரு சாவு நிச்சயம் என்று என் மனசு சொல்கிறது. யாருடையது என்றுதான் சொல்ல மாட்டேன் என்கிறது.

அதனால் ஆஸ்பத்திரி கொடுத்த அறிவுரைத் தாளைப் புனிதர் படத்துக்குக் கீழே ஒட்டிவைத்து, அதில் சொன்னபடியெல்லாம் செய்தேன். தரைவிரிப்பு தடுக்கும் என்றது. எல்லாவற்றையும் சுருட்டி நடையில் வைத்தேன், தபால்காரர் அதில் தடுக்கி விழுந்தார். விளக்குக்குப் பக்கத்தில் திரைச்சீலை கூடாது என்றது. சாமி விளக்கை எடுக்க முடியுமா, திரைச்சீலையை எடுத்தேன், இப்போது நான் மண்டியிட்டு ஜெபிப்பதைத் தெருவே பார்க்கிறது, ஊர் மெச்சச் செய்கிறாள் என்று பேச்சு. குதிகால் மூடாத செருப்பு வழுக்கும் என்றது. விருந்தாளிகளுக்கு வைத்திருந்த வீட்டுச் செருப்புகளை ஒளித்துவிட்டேன், திருநாளுக்குத் தண்ணீர் மந்திரிக்க வந்த பாதிரியார் வெறும் காலுறையோடு மெருகு போட்ட தரையில் சறுக்கிப்போய் அலமாரியைக் கட்டிப்பிடித்து நின்றார். இந்தப் பாதுகாப்புக்கு ஆன செலவை மருந்துப் பக்கத்தில் எழுதுவதா, காணிக்கைப் பக்கத்தில் எழுதுவதா என்று என் கணக்கு நோட்டு விழிக்கிறது.

நேற்று நர்ஸ் வெரிட்சா வீட்டைப் பார்க்க வந்தாள். உள்ளே வந்ததும் நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"ஸ்தானாம்மா, விறகடுப்பு எரியுது, ஜன்னல இப்படி அடைச்சு வச்சிருக்கீங்களே?"

"காத்து பட்டா ஆள் போயிடும்மா."

"காத்து கொல்லாது. அடுப்புலேர்ந்து வர்ற விஷவாயுதான் கொல்லும். அதுக்கு வாசனைகூட கிடையாது. தூங்கறவங்க தூங்கினபடியே போயிடுவாங்க."

"எங்க மாமனார் காத்து பட்டுத்தான் செத்தார்."

"எத்தன வயசுல?"

"தொண்ணூத்தொண்ணு."

சிரித்தாள். உங்கள் அப்பாவின் சாவுக்குச் சிரித்தாள், அண்ணி! நெட்டைக்காரி, நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டித் துணியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"இது திறந்திருந்தா நாளைக்கு அவர் இங்க வருவார். மூடினீங்க, அவங்க அக்கா வீட்டுக்குத்தான். அப்புறம், என்ன ஆனாலும் நாற்காலி மேல மட்டும் ஏறிடாதீங்க."

அவள் போனதும் பக்கத்து வீட்டு ஜிவ்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, டிசம்பர்ல ஜன்னல் திறந்து கிடக்கு! புருஷன் வர்றப்ப காத்து பட்டு உன் வாய் கோணி காதுகிட்ட இருக்கும் பாரு."

"ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"சொல்லுவாங்க. ஆள் வந்தாத்தானே அவங்களுக்குப் பொழப்பு!"

நான் அசையவில்லை. இரண்டு சால்வை, கம்பளித் தொப்பி, காதில் பஞ்சு, மேலே ஒரு சிலுவைக் குறி. அந்த ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது, போகட்டும். வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறது. ஆகவே அண்ணி, நீங்கள் அலைந்து வரவேண்டாம், கட்டிலை மடித்துவிடுங்கள். இந்த வீட்டில் இனி ஒருவரும் விழமாட்டார்கள்.

உங்கள் லிஃப்ட் நடுவழியில் நிற்காமல் புனித நிக்கோலா காப்பாராக.

பணிவுடன்,
ஸ்தானா

பின்குறிப்பு: அக்கா, இது நான், ரதோமிர். வந்து உட்கார்ந்தேன், பிடரியில் சில்லென்று பட்டது. "யாரு இதத் திறந்து வச்சது?" என்று மட்டும்தான் கேட்டேன். "உங்களுக்கு உடம்பு சரியில்லை, அசையாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஜன்னலை மூட இவள் நாற்காலி மேல் ஏறினாள். விழுந்ததில் வலது மணிக்கட்டு போனது. என்னைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள் ஜிவ்கா கத்தி நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் இவளுக்குக் கட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வலது கை இருக்கிறது, இவளிடம் இடது கை. "மெழுகுவர்த்தியை நீங்க பிடிங்க, ஒயினை நான் ஊத்தறேன்" என்று என்னிடம் சொல்கிறாள். புனிதர் நோவி சாத்துக்கும் வருவாராம். கட்டிலை மடிக்காதே, இன்னொன்றும் போடு. எங்களைக் கூட்டிப்போக வரும்போது ஒரு பழைய போர்வை எடுத்து வா. ஜன்னல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. நீ ஏறு, நாற்காலியை நாங்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொள்கிறோம்.